பதினெட்டும் பன்னிரண்டும்: 'சூப்பர் 30' படத்தை முன்வைத்து

(மாலை நேரப் படிப்பகம் ஒன்றில் 'சூப்பர் 30' திரையிடப்பட்ட பின் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து நின்று குறை சொல்வது சங்கடமான வேலை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் இந்தப் படம் பிடிக்கும். பல இடங்களில் கண் கலங்கியிருக்கிறேன். கண் கலங்கிய இடங்களில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்பது என் வழக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்தபிறகு ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இன்று பேச வந்ததற்குப் படம் மட்டும் காரணமில்லை. அடுத்த மாதம் ஒரு நுழைவுத் தேர்வு வைத்து, அதில் முதல் முப்பது இடங்களைப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் நீட், ஜே.இ.இ. பயிற்சி கொடுக்கலாம் என்ற யோசனை இருப்பதாகப் படிப்பகப் பொறுப்பாளர்கள் சொன்னார்கள். அந்த எண்ணம் வந்ததே இந்தப் படத்தைப் பார்த்துத்தான் என்றும் சொன்னார்கள். ஒரு படம் திரையைவிட்டு இறங்கி நம் சேரிப் பிள்ளைகளின் வகுப்பறையை எப்படி நடத்துவது என்று முடிவு செய்யப் போகிறது என்றால், அதைக் கூர்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

படம் 2019 ஜூலையில் வந்தது. இயக்கியவர் விகாஸ் பால், நாயகன் ஹிருத்திக் ரோஷன். பாட்னாவைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஆனந்த் குமாரின் வாழ்க்கையைத் தழுவிய கதை. அஞ்சல் துறையில் சாதாரண ஊழியரின் மகன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் பணமில்லாமல் போக முடியாதவர், தந்தை இறந்ததும் அம்மா செய்து கொடுக்கும் அப்பளத்தைச் சைக்கிளில் வைத்து விற்றவர். பிறகு 2002இல் ஏழை மாணவர்கள் முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கு இலவசமாகத் தயார் செய்யத் தொடங்கினார். இவ்வளவும் நடந்தது. மிச்சமுள்ள அடிதடி சினிமாவின் சொந்தச் சரக்கு.

முதலில் நூலகக் காட்சியைப் பற்றிச் சொல்கிறேன். வெளிநாட்டுக் கணித இதழ்களைப் படிப்பதற்காகவே பாட்னாவிலிருந்து காசிக்கு ரயிலேறிப் போகிறான் அந்த இளைஞன். காசி இந்துப் பல்கலைக்கழக நூலகம். அவன் அங்கே மாணவன் இல்லை என்று கண்டுபிடித்து வெளியே துரத்துகிறார்கள். அப்போது அங்கே வேலை செய்யும் ஒருவர் வழி சொல்கிறார்: உன் கட்டுரை அந்த இதழில் வந்துவிட்டால் இதழ் உன் வீட்டுக்கே இலவசமாக வரும். படிக்க அனுமதி இல்லாதவனுக்கு எழுதுவதுதான் ஒரே வாசல்.

இந்தக் காட்சியை எழுதியவருக்கு நான் வணக்கம் சொல்கிறேன். நூற்றாண்டுகளாக நமக்குச் சொல்லப்பட்ட சேதியைத் தூக்குமேடை வசனம் எதுவும் இல்லாமல் காட்டிவிடுகிறது. புத்தகம் அங்கேதான் இருக்கிறது. எடுத்துக் கொடுக்கக் கையும் இருக்கிறது. ஆனால் 'நீ யார்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். இன்றைக்கும் அதுதான் நிலைமை. ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தரவிறக்க மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் கேட்கும் பதிப்பகங்கள் இருக்கின்றன. பெரிய நிறுவனத்தில் படிப்பவனுக்குச் சொடுக்கினால் வந்துவிடும். கிராமத்துக் கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. படிப்பவனுக்கு வராது. நான் எத்தனை பேருக்கு எத்தனை கட்டுரைகளை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது எனக்கு நல்லது.

இரண்டாவது சோறு. ஆசிரியரைப் பற்றிய படங்களில் பெரும்பாலும் மாணவர்களுக்குப் பசிப்பதில்லை. அவர்களுக்கு ஊக்கம் குறைகிறது, நம்பிக்கை குறைகிறது, ஆசிரியர் வந்து ஒரு பேச்சுப் பேசியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. இந்தப் படத்தில் பசிக்கிறது. கணக்குச் சொல்லிக் கொடுப்பவன் அரிசிக்கும் பருப்புக்கும் அலைகிறான். தாய் முப்பது பேருக்குச் சமைக்கிறாள். படிப்புக்குத் தேவை மூளை மட்டுமல்ல, படுக்க ஓரிடம், இரவு எரியும் ஒரு விளக்கு, வேலைக்குப் போகாமல் இருக்க ஓராண்டு அவகாசம், தட்டில் சோறு என்பதைப் படம் அறிந்திருக்கிறது.

புரட்சியாளர் அம்பேத்கருக்கும் இது தெரியும். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கியவர், அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதியைத் திறந்தார். கூட்டம் போட்டார், பத்திரிகை நடத்தினார், கூடவே விடுதியும் நடத்தினார். அதற்கும் முன்பே கோலாப்பூரில் சாகு மகராஜ் விடுதிகளைக் கட்டியிருந்தார். ஊருக்குள் வீடு கிடைக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்து வைத்து என்ன பயன் என்று யோசித்தவர்கள் அவர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் பாதிக் கைகள் மேலே போகும். நானும் தூக்குவேன். அங்கே போட்ட சாம்பாரைப் பற்றி நமக்கு ஆயிரம் புகார்கள் உண்டு. ஆனால் அந்தச் சாம்பார் யாருடைய கருணையும் இல்லை. அது அரசாணை. புழு இருந்தால் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்யலாம். ஆனந்த் குமாரின் அம்மா சமைத்த சோற்றில் உப்பு குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பது? அன்பாகக் கிடைக்கும் சோற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. அன்புக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பளம் செய்து குடும்பத்தைத் தாங்கி, பிறகு முப்பது பேருக்கு உலை வைத்தவர் என்றால் அந்தப் பயிற்சி மையத்தின் இன்னொரு நிறுவனர் அவர்தான். படத்தில் அவர் மகனைப் பார்த்துக் கண்ணீர் விடும் தாயாகவே நின்றுவிடுகிறார். மாணவிகளும் இருக்கிறார்கள், ஆனால் கதை ஒருபோதும் அவர்களுடையதாக ஆவதில்லை. 1848இல் புனேயில் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் பூலேவும் அவரோடு நின்ற பாத்திமா ஷேக்கும் பெண்கள். இந்திய சினிமாவில் அற்புத ஆசிரியர் என்றால் பெரும்பாலும் ஆண்தான். தமிழில் 'ராட்சசி' போல ஒன்றிரண்டைத்தான் விதிவிலக்காகச் சொல்ல முடிகிறது.

இனி குறைகளுக்கு வருகிறேன்.

கதை நடப்பது தொண்ணூறுகளின் பாட்னாவில். அந்த ஊரில் அந்தக் காலத்தில் என்ன நடந்தது? 1990 ஆகஸ்டில் வி.பி.சிங் மண்டல் குழுப் பரிந்துரையை அமல்படுத்துவதாக அறிவித்தார். வட இந்தியாவே பற்றியெரிந்தது. 'தகுதி செத்துவிட்டது' என்று ஆதிக்கசாதி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பிகாரில் டீக்கடை, ரயில் பெட்டி, கல்லூரி வளாகம் எங்கும் அதே பேச்சு. அதற்கும் முன்னால், 1978இல் கர்ப்பூரி தாக்கூர் முதலமைச்சராக இருந்தபோது, மிகவும் பிற்படுத்தப்பட்டோரைத் தனிப்பிரிவாக வைத்து இடஒதுக்கீடு கொண்டுவந்து, அதற்காக வாங்காத வசவெல்லாம் வாங்கினார். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பிற்படுத்தப்பட்ட சமூகத்து இளைஞன் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து ஐ.ஐ.டி.க்கு அனுப்புகிறான். அந்தக் கதையை இரண்டரை மணி நேரம் சொல்லும் படத்தில் மண்டலும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை. 'ஏழை', 'பணக்காரன்' என்ற இரண்டே சாதிகள்தான் அந்தப் பாட்னாவில் வாழ்கின்றன.

பாலிவுட்டுக்குச் சாதியைக் காட்டத் தெரியாது என்று சொல்ல முடியாது. நாயகனின் தோலுக்குக் கருமை பூசத் தெரிந்திருக்கிறதே! ஹிருத்திக் ரோஷனின் முகத்தில் பூசிய அந்தப் பழுப்பு நிறத்தைப் பற்றி அப்போதே பலர் எழுதினார்கள். சாதியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அதன் நிறம் என்று தாங்கள் நம்புவதை மட்டும் பூசிக்கொள்வார்கள். அந்த முகத்தோடு பிறந்த பிகாரி நடிகர்கள் நூறு பேராவது மும்பையில் வாய்ப்புக் கேட்டு நின்றிருப்பார்கள். அவர்களுக்குத் 'தகுதி' போதவில்லை போலும்.

சட்டப்படி நடந்ததையும் பார்த்துவிடுவோம். ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு வந்தது 1973இல். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு நடைமுறைக்கு வரத் தொடங்கியது 2008இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. அதாவது 2002இல் தொடங்கிய பயிற்சியின் முதல் சில அணிகளில் இருந்த பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் எந்த ஒதுக்கீடும் இல்லாமல் பொதுப்பட்டியலில் மோதினார்கள். மண்டல் அறிவிப்பு வந்து பத்தாண்டுகள் கழிந்தும் ஐ.ஐ.டி. வாசலில் அது நுழையவில்லை. இந்த ஒரு தகவலைப் படத்தில் வைத்திருந்தால் அந்த மாணவர்களின் சாதனை பத்து மடங்கு பெரிதாகத் தெரிந்திருக்கும். பட்டியல் சாதி மாணவனுக்கு ஒதுக்கீடு இருந்தும் அங்கே போய்ச் சேர முடியாமல் தடுத்தவை எவை என்பதும் தெரிந்திருக்கும். மாணவர்களைப் பெரிதாக்கும் தகவலைக்கூட விட்டுவிடும் அளவுக்கு அந்தச் சொல்லின்மீது ஒவ்வாமை.

படத்தின் புகழ்பெற்ற முழக்கம் உங்களுக்குத் தெரியும். அரசனின் மகன்தான் அரசனாவான் என்ற காலம் போய்விட்டது, இனி 'ஹக்தார்' எவனோ அவனே அரசனாவான் என்பது அதன் சாரம். இதைப் பொதுவாகத் 'தகுதியுள்ளவன்' என்றுதான் மொழிபெயர்க்கிறார்கள். 'ஹக்' என்றால் உரிமை. ஹக்தார் என்றால் உரிமையுள்ளவன், உரியவன். நம் ஊரில் சொத்து வழக்கில் 'பாத்தியதை உள்ளவன்' என்று எழுதுவார்களே, அதுபோல. சொல் உரிமையைப் பேசுகிறது, காட்சி தகுதியைப் பேசுகிறது. தேர்வில் ஜெயித்துக் காட்டினால்தான் உரியவன் என்று ஆகிறது. தோற்றவனுக்கு உரிமை கிடையாதா? இந்த இடத்தில் படம் எதிரியின் மொழியைத் தெரியாமலே பேசத் தொடங்கிவிடுகிறது. இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் இந்தப் படத்துக்குத் தாராளமாகக் கைதட்டலாம். 'பாருங்கள், ஒதுக்கீடு எதற்கு? உழைத்தால் ஏழையும் முன்னேறலாம்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அனுப்பவும் செய்தார்கள்.

சரி, ஜெயித்துக் காட்டினால் ஒப்புக்கொள்வார்களா? படம் வந்த அதே 2019இல் மானுடவியலாளர் அஜந்தா சுப்ரமணியன் ஐ.ஐ.டி.களைப் பற்றி, குறிப்பாகச் சென்னை ஐ.ஐ.டி.யைப் பற்றி, ஒரு நூல் எழுதினார். தகுதி என்பதையே ஆதிக்கசாதிகள் எப்படித் தங்கள் பிறப்புச் சொத்தாக மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான் அதன் பொருள். பயிற்சி மையங்கள் பெருகி, பழைய குடும்பங்களைச் சேராத மாணவர்களும் நுழைவுத் தேர்வில் வெல்லத் தொடங்கியபோது, புதிதாக ஒரு பிரிவினை முளைக்கிறது. 'இவன் இயல்பிலேயே அறிவாளி, அவன் பயிற்சியால் தேறியவன்' என்று பேசுகிறார்கள். நாம் பந்தயத்தில் ஓடிச் சேருவதற்குள் எல்லைக்கோட்டைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். சூப்பர் 30 மாணவர் ஐ.ஐ.டி. விடுதிக்குள் நுழையும் முதல் நாள் இந்தப் பேச்சுதான் காத்திருக்கும். படம் அந்த வாசலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஆங்கிலக் காட்சியையும் பேச வேண்டும். ஹோலி அன்று, பணக்கார மாணவர்களுக்கு முன்னால், தெருவில் ஆங்கிலத்தில் நாடகம் போட வைக்கிறார் ஆசிரியர். பிள்ளைகள் திணறுகிறார்கள், கேலிக்கு ஆளாகிறார்கள், பிறகு உடைந்த ஆங்கிலத்திலேயே ஆடிப் பாடிச் சமாளிக்கிறார்கள். ரசிக்கத்தக்க காட்சி. ஆனால் ஆங்கிலத்தின்மீதுள்ள பயத்தை ஒரே மாலையில் உதறிவிடக்கூடிய கூச்சமாக அது காட்டுகிறது. அதே பிகாரில் 1967இல் துணை முதலமைச்சராகவும் கல்வி அமைச்சராகவும் இருந்த கர்ப்பூரி தாக்கூர் வேறு மாதிரி யோசித்தார். மெட்ரிகுலேஷனில் ஆங்கிலத்தில் தேறியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கினார். அவர் நாவிதர் சமூகத்தில் பிறந்தவர். அதன்பின் ஆங்கிலம் இல்லாமல் தேறியவர்களைக் 'கர்ப்பூரி டிவிஷன்' என்று கேலி பேசினார்கள் மேல்சாதியினர். ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். வேண்டும் என்பதே என் கட்சி, நம் பிள்ளைகளுக்கு அது ஆயுதம். ஆனால் சுவரை ஏறிக் குதிக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு வேலை, சுவர் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்பது இன்னொரு வேலை. படத்தில் முதல் வேலை மட்டும்தான் நடக்கிறது. இன்றும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்த நம் பிள்ளை எந்தத் தெருவில் எந்த நாடகம் போட்டு அந்தச் சுவரைத் தாண்டுவது?

வில்லன்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சி மைய முதலாளியும் அமைச்சரும் கூட்டுக் கொள்ளையர்கள் என்று காட்டியது துணிச்சல்தான். ஆனால் கல்விக் கொள்ளை இரண்டு கெட்ட மனிதர்களின் வேலையாகச் சுருங்கிவிட்டதும், துப்பாக்கியோடு வரும் அடியாட்களை மருத்துவமனையில் பிள்ளைகள் அறிவியலைப் பயன்படுத்தி விரட்டினால் போதும் என்று ஆகிவிடுகிறது. நுழைவுத் தேர்வு என்ற ஏற்பாட்டைப் பார்த்து யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அரசுப் பள்ளி என்ற ஒன்று அந்த மாநிலத்தில் இருந்ததாகவே தெரியவில்லை. பயிற்சி மையத்துக்கு மாற்று, இன்னொரு பயிற்சி மையம். அது இலவசம் என்பதுதான் வேறுபாடு.

இப்போது என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படத்தின் உச்சக்கட்டத்தில் முதல் அணி முப்பது பேரும் தேறிவிடுகிறார்கள். நீங்கள் கைதட்டியது அதற்குத்தான். 2003இல் உண்மையில் தேறியவர்கள் பதினெட்டுப் பேர். முப்பது பேரும் தேறியது 2008இல்தான்.

பதினெட்டு என்பது மகத்தான எண். எந்தப் பணமும் இல்லாமல் முதல் ஆண்டிலேயே முப்பதில் பதினெட்டுப் பேர் என்பதை நம்பவே முடியவில்லை. பிறகு ஏன் படத்துக்கு அது போதவில்லை? பன்னிரண்டு பேரை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. படம் லண்டனில் தொடங்குகிறது. வெற்றி பெற்ற பழைய மாணவர் ஒருவர் மேடையேறித் தன் ஆசிரியரைப் பற்றிச் சொல்வதாகத்தான் முழுக்கதையும் விரிகிறது. தோற்ற பன்னிரண்டு பேரில் ஒருவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்திருந்தால்? அவரும் அதே மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தவர்தான், அதே சோற்றைச் சாப்பிட்டவர்தான். ஊருக்குத் திரும்பிப்போய் என்ன சொல்லியிருப்பார்? அவருக்கு ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார்? ஓர் ஆசிரியரின் உண்மையான சோதனை அந்த உரையாடலில்தான் இருக்கிறது. நான் பார்க்க விரும்பிய காட்சி அதுதான். அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று படம் எழுதிவிட்டது.

அந்தப் பன்னிரண்டு பேரையாவது கணக்கில் கொண்டுவர முடிகிறது. முப்பது பேரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அன்று வாசலில் நின்று பெயர் இல்லாமல் திரும்பியவர்களுக்குக் கணக்கே இல்லை. வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கும் இடத்தின் நுழைவாயிலிலும் ஒரு நுழைவுத் தேர்வு! ஒரு தனி மனிதருக்கு அதைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருடைய வீட்டில் முப்பது பேருக்குத்தான் இடம். ஆனால் ஒரு தனி மனிதரின் கைக்கு எட்டாததால் வந்த வரம்பை நாம் ஏன் கொள்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

நம் பக்கத்துக் கதைக்கு வாருங்கள். அனிதா 1200க்கு 1176 எடுத்தார். அரியலூர் மாவட்டத்து மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். அவருக்கு ஆசிரியர் இல்லை என்றோ ஊக்கம் இல்லை என்றோ யாராவது சொல்ல முடியுமா? அவர் ஓடி முடித்த பந்தயம் செல்லாது என்று அறிவித்தார்கள், அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அந்த மரணத்துக்கும் அதன்பின் எழுந்த போராட்டங்களுக்கும் பிறகுதான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போகிறார்கள். நீட் ஒழியவில்லை, அந்தச் சண்டை பாக்கியிருக்கிறது. ஆனால் எந்த அற்புத ஆசிரியராலும் செய்ய முடியாததை ஒரு சட்டம் செய்தது.

தேறியபின் என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு கதை சொல்கிறேன். இதைப் படமாக எடுத்தால் யாராவது பார்ப்பார்களா தெரியாது. 2024இல் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறித் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். அப்பா தினக்கூலி. இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். நாலு நாள் அவகாசம். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் பணத்தைப் புரட்டிக் கட்ட முடியவில்லை, இடம் பறிபோனது. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் நம் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து நின்றது அந்தக் குடும்பம். பிறகு உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, செப்டம்பர் 30 அன்று, அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. இப்படி நீதிமன்றம் வரை போகத் தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ.

அதற்கும் பிறகு ஒரு கட்டம் இருக்கிறது. ரோகித் வெமுலாவின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது, பிறகு விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார், 2016 ஜனவரியில் இறந்தார். தர்ஷன் சோலங்கி மும்பை ஐ.ஐ.டி.யில் முதல் பருவம் முடித்த கையோடு 2023 பிப்ரவரியில் இறந்தார். சாதிப் பாகுபாடு காரணமில்லை என்றது அந்த நிறுவனம் அமைத்த குழு. இவர்கள் எல்லோரும் தேர்வில் ஜெயித்தவர்கள். முதலாம் ஆண்டு ஆய்வு மாணவனாக ஏழு மாதம் உதவித்தொகை வராமல் நண்பன் அறையில் தரையில் படுத்திருந்தபோது, இந்த மாதிரிப் படங்கள் எல்லாம் 'தேர்ச்சி' என்ற பட்டியலோடு ஏன் முடிந்துவிடுகின்றன என்று நான் யோசித்ததுண்டு. எங்களுக்கெல்லாம் கதை அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்ப் படங்கள் இதில் ஒன்றும் மேலானவை இல்லை. 'சாட்டை'யிலும் 'வாத்தி'யிலும் ஒரு மனிதர் வருகிறார், பள்ளி தலைகீழாக மாறுகிறது. என் மனத்துக்கு நெருக்கமானது 'வாகை சூட வா'. அறுபதுகளில் நடக்கும் கதை. செங்கல் சூளையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறான் அரசு வேலைக்காகக் காத்திருக்கும் ஓர் இளைஞன். பிள்ளைகள் அவனை ஆசிரியராகவே மதிப்பதில்லை. பிள்ளைகள் படிக்க வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை, சூளை முதலாளியிடம் பட்ட கடன் என்று அவன் மெதுவாகப் புரிந்துகொள்கிறான். மாணவர்களிடமிருந்து ஆசிரியர் கற்றுக்கொள்ளும் படம் அது. இன்னொரு நாள் அதைத் திரையிடுங்கள்.

ஆனந்த் குமாரைக் குறை சொல்ல நான் இவ்வளவும் பேசவில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். துரோணரின் பெயரில் பயிற்றுநர்களுக்கு விருது கொடுக்கிற நாடு இது. கட்டைவிரலைக் கேட்காத ஓர் ஆசிரியர் இருந்தால் அவரைக் கொண்டாடத்தான் வேண்டும். என் சண்டை அவரைத் தனி நாயகராக்கி, அவருடைய சாதியையும், அவரோடு சேர்ந்து இதைத் தொடங்கிய காவல்துறை அதிகாரி அபயானந்தையும், தோற்ற மாணவர்களையும் கதையிலிருந்து வெளியேற்றிய படத்தோடு. அபயானந்த் பிறகு பாட்னாவில் முஸ்லிம் மாணவர்களுக்கான 'ரஹ்மானி 30' என்ற முயற்சியில் துணை நின்றார். ஒருவர் செய்ததைப் பலரும் பல விதமாகச் செய்ய முடியும் என்பதற்கே அது சாட்சி. படத்துக்கு அந்தச் சாட்சி தேவைப்படவில்லை.

ஆகவே அடுத்த மாதத் தேர்வைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், முடிவு உங்களுடையது. முதல் நாளே வடிகட்டாதீர்கள். வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் மூன்று மாதம் கணக்கும் ஆங்கிலமும் நடத்துங்கள். நுழைவுத் தேர்வு எழுத விரும்புகிறவர்களுக்கு ஞாயிறுகளில் தனி வகுப்பு வையுங்கள், விருப்பத்தின்பேரில், மதிப்பெண்ணின்பேரில் அல்ல. இடம் போதாது என்றால் ஆதிதிராவிடர் விடுதிக் காப்பாளரிடம் போய்க் கேளுங்கள், அந்தக் கூடம் மாலையில் சும்மாதான் கிடக்கிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கலந்தாய்வு விண்ணப்பம் ஆகியவற்றுக்கென்று இரண்டு தோழர்களைத் தனியாகப் போடுங்கள். நல்ல கணக்கு வாத்தியாருக்குச் சமமான வேலை அது. கடைசி நேரக் கட்டணத்துக்காக ஒரு பொது நிதியை இப்போதே தொடங்கலாம். 17,500 என்ற எண்ணை அந்த உண்டியல்மேல் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. முடிவெடுக்கும் கூட்டத்துக்குப் போகும்போது, கடந்த மூன்றாண்டு வருகைப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு போங்கள். பாதியில் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களைச் சத்தமாக வாசியுங்கள். எந்தத் தெரு, ஏன் நின்றார்கள், இப்போது எந்தக் கடையில், எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். அதற்குப் பிறகும் முப்பது பேர் போதும் என்று உங்களுக்குத் தோன்றினால், வினாத்தாள் தயாரிக்க நானே வருகிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள் தோழர்களே. பின்வரிசையில் கை தூக்கிய தங்கை முதலில் பேசட்டும்.